காற்றைப் பானையில் வைத்தவள்

அந்தக் காலத்தில் காற்றுக்கு வாய் இருந்தது. அதுவும் ஓயாத வாய். தெற்கே ஒரு கடலோர ஊரில் அது தெருத் தெருவாக நுழைந்து, யார் வீட்டில் என்ன குழம்பு, யார் வீட்டில் என்ன சண்டை என்று விசாரித்துவிட்டுத்தான் வேலைக்குப் போகும். பாய்மரத் தோணிகளை அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போவதும், திரும்பக் கூட்டிக்கொண்டு வருவதும்தான் அதன் வேலை. திசைக்கு ஒரு காற்று என்பதெல்லாம் அப்போது கிடையாது. ஊருக்கே ஒரு காற்றுதான், போகவும் அதுதான், வரவும் அதுதான்.

தோணிக்காரர் வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டுக்காரன் பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கினால், அடுப்பிலிருந்து எண்ணெய்ச் சட்டியை இறக்கிவிட வேண்டும். அவன் திரும்பி வரும்வரை அந்த வீட்டில் எதுவும் பொரிக்கக் கூடாது. ஆள் கடலில் இருக்கும்போது இங்கே எண்ணெய் கொதித்தால் அங்கே கடல் கொதிக்கும் என்று நம்பினார்கள். அவன் கிளம்பும் நாளில் மனைவி கரைப் பக்கம் வரவும் கூடாது. அவள் முகத்தைப் பார்த்தால் அவனுக்குத் தோணி ஏற மனசு வராதாம். இதில் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்தது.

உலகம்மைக்கு இந்த வழக்கத்தின் மேல் தீராத கோபம். அவள் புருஷன் பலவேசம் வீட்டில் இருக்கும் நாளெல்லாம் அடுப்பில் சேப்பங்கிழங்கு பொரியும். அவன் பொறுமை இல்லாமல் சட்டியிலிருந்தே எடுத்து, விரலைச் சுட்டுக்கொண்டு, “ஸ்ஸ்” என்று ஊதிக்கொண்டே தின்பான். அந்தச் சத்தத்துக்காகவே அவள் தினமும் பொரித்தாள். ஆனால் நாலு நாள் சேர்ந்தாற்போல் அவன் வீட்டில் இருந்தால் போதும், காற்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிவிடும். “பலவேசம், சும்மாதான இருக்க? கிளம்புவமா?” என்று கேட்கும். அவனும் கிளம்பிவிடுவான். பிறகு மாதக்கணக்கில் அவள் கஞ்சியும் துவையலுமாகக் காத்துக்கிடப்பாள்.

அன்றைக்கும் அப்படித்தான். அவள் கிழங்கை வேகவைத்து, உரித்து, வட்டம் வட்டமாக நறுக்கி மசாலா தடவி வைத்திருந்தாள். எண்ணெய் காயத் தொடங்கியபோது பலவேசம் பாய்ச்சுருளைத் தூக்கிவிட்டான்.

“ரெண்டு வாய் தின்னுட்டுப் போங்களேன்” என்றாள்.

“உப்பு ஏத்தணும்லா. ஏத்தி முடிக்க உச்சிப்பொழுது ஆயிரும், அதுக்குப் பொறவுதான் பாய் விரிப்போம். நீ சட்டிய இறக்கு, உலகு” என்றான் பலவேசம். படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு போய்விட்டான்.

அவள் சட்டியை இறக்கினாள். மசாலா தடவிய கிழங்கைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அழுகை வந்தது. அழுதாள்.

பொழுது நன்றாக ஏறிய பிறகு ஜன்னல் படபடத்தது. காற்று வந்துவிட்டிருந்தது.

“என்ன உலகு, சட்டி இறங்கியாச்சா? நல்ல மசாலா வாசனையால்லா இருக்கு!”

“வந்துட்டியா? வீட்டுல இருந்த மனுஷனக் கெளப்பிவிட்டது பத்தாதுன்னு வாசனை பிடிக்க வேற வந்துட்டியா?” என்று அவள் சீறினாள்.

காற்று அதற்கெல்லாம் அசரவில்லை. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டது. “ஊரு பூரா உங்க சமையல் வாசனைய நாந்தான் சுமக்கேன். ஒரு நா ஒரு பொழுது, எவளாவது என்னை அடுப்பாங்கரைக்குள்ள விட்டிருக்கியளா? அடுப்ப அணைச்சுருவேன்னு ஜன்னலச் சாத்துதிய. எனக்கு ஒருதடவ சமைச்சுப் பாக்கணும் உலகு. அந்தக் கிழங்க நான் எண்ணெய் இல்லாமலே பொரிச்சுத் தாரேன்.”

“எண்ணெய் இல்லாம எப்படிப் பொரியும்? கிறுக்கா பிடிச்சிருக்கு?”

“ஒரு பெரிய பானைய எடு. கங்கு பானைக்கு வெளிய இருக்கட்டும், நான் உள்ள இருக்கேன். கிழங்க ஓட்டைத் தட்டுல பரப்பி மூடு. மிச்சத்த எங்கிட்ட விடு.”

புருஷன் போன வீட்டில் செய்ய வேறு வேலையும் இல்லை. அவள் தண்ணீர்ப் பானையைக் கவிழ்த்துத் துடைத்துக் கங்கின் மேல் ஏற்றினாள். கிழங்கைத் தட்டில் பரப்பினாள். அவள் கையில் ஒட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் கிழங்கிலும் ஒட்டியது. பிசுக்குக்கும் சட்டிக்கும் வித்தியாசம் உண்டு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். காற்று உள்ளே பாய்ந்தது. மூடினாள்.

பானைக்குள் காற்று சுற்றத் தொடங்கியது. வீடு முழுக்க “உம்” என்று ஒரு சத்தம். சற்று நேரத்தில், மூடியை விரல் அகலம் விலக்கி ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். மொறுமொறுவென்று இருந்தது. உள்ளே மாவு மாதிரி இருந்தது. சட்டிக் கிழங்கு தோற்றது!

மென்றுகொண்டே தற்செயலாக வாசலைப் பார்த்தாள். கொடியில் போட்ட சேலை ஆடாமல் தொங்கியது. தென்னை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. அப்போதுதான் அந்த யோசனை அவளுக்கு வந்தது. காற்று இங்கே இருந்தால் தோணி எப்படிக் கிளம்பும்?

அம்மிக் குழவியைத் தூக்கி மூடியின் மேல் வைத்தாள்.

இனி அவன் போக முடியாது. சுமை ஏற்றிவிட்டுச் சும்மா நிற்பான். அவனைக் கூட்டிவந்து சோறு போட வேண்டியதுதான் பாக்கி என்று, வழக்கத்தையும் மீறிக் கரைக்கு ஓடினாள். அங்கே பக்கத்து வீட்டுப் பிச்சம்மாள் கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் புருஷனும் அதே தோணிதான்; அவளும் வழக்கத்தை மீறித்தான் வந்திருந்தாள்.

“ஏட்டி உலகு, நீ எங்க இங்க வந்த?”

“அவுக சுமை ஏத்துதாவளாக்கா?”

“சுமை வெள்ளனவே ஏத்தி, பாயும் விரிச்சுப் போயாச்சு. அந்தா பாரு. காத்து இந்தா வாரேன்னுட்டு இந்த வழியாத்தான் எங்கேயோ ஓடிப்போச்சு. தோணி நடுக்கடல்ல நிக்குது.”

கண்ணுக்கு எட்டிய கடைசியில், நகத்தளவு வெள்ளையாய், பாய் தெரிந்தது. போகவும் இல்லை, வரவும் இல்லை.

நியாயமாகப் பார்த்தால் உலகம்மை அப்போதே வீட்டுக்கு ஓடிக் குழவியை இறக்கியிருக்க வேண்டும். இறக்கவில்லை. ஏனென்றால் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம். இத்தனை வருஷத்தில் கடலுக்குப் போன புருஷனை மறுநாள் பார்க்க முடிந்ததே இல்லை. இப்போது பார்க்கலாம். காலையில் போய்ப் பார்த்தாள், பாய் இருந்தது. சாயங்காலம் போனாள், இருந்தது. மூன்று நாளும் அந்த நகத்தளவு வெள்ளையைப் பார்த்துவிட்டு வந்துதான் கஞ்சி குடித்தாள். வீட்டில் பானை “உம்” என்று சந்தோஷமாக முனகிக்கொண்டிருந்தது.

நாலாம் நாள் கரையில் பிச்சம்மாள் மணலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கட்டுமரத்தில் தண்ணீர் கொண்டுபோன கிழவர்கள் இரண்டு பேரும் பாதி வழியிலேயே கை ஓய்ந்து திரும்பிவிட்டார்கள்.

“அஞ்சு நாளைக்குத்தான்டி குடிதண்ணி ஏத்துவாவ. அடுத்த தண்ணி அக்கரையிலதான். நாளைக்கும் காத்து வரலன்னா நம்ம ஆளுங்க நாக்கு வறண்டே செத்துருவாவ.”

உலகம்மை ஓடிய ஓட்டத்தில் வழியெல்லாம் மணல் பறந்தது. குழவியைத் தள்ளினாள், மூடியைத் திறந்தாள். “போ! சீக்கிரம் போ!”

காற்று வெளியே வரவில்லை. “நான் போக மாட்டேன்” என்றது.

“அவுக தோணியில தண்ணி இல்ல. செத்துருவாவ. உனக்கு நெஞ்சே இல்லையா?”

“நீ குழவி வச்சப்ப நான் முட்டித் தள்ளியிருக்க மாட்டேனா? பேசாம இருந்தேன். பொறந்ததுலேர்ந்து ஒரு இடத்துல நான் உக்காந்ததே இல்ல உலகு. வெக்கையா இருந்தா ‘வா, வா’ன்னு கூப்புடுதிய, புழுதியோட வந்தா கதவச் சாத்துதிய. இது ஒண்ணுதான் எனக்குக் கிடைச்ச வீடு. இப்ப வெளிய போனா நீயும் ஜன்னலச் சாத்துவ.”

இத்தனை நாளும் உலகம்மை தனக்கு மட்டும்தான் ஏக்கம் என்று நினைத்திருந்தாள். பானையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள், கை சுட்டது, விடவில்லை.

“சாத்த மாட்டேன். இந்தப் பானை உனக்குத்தான். நம்பலைன்னா பாதி இங்கயே இரு, பாதி போய் அவுகளக் காப்பாத்து.”

காற்று பானைக்குள் ஒரு சுற்றுச் சுற்றியது. “பிஞ்சு போனா மறுபடி ஒட்டுமோ என்னமோ” என்றது. பிறகு, “அதோட இன்னொண்ணும் கேட்டுக்கோ. சுமைத் தோணியத் திருப்பிக் கொண்டுவர முழுக் காத்து வேணும். பாதிக் காத்தால அது முகம் பாத்து நிக்கிற பக்கந்தான் தள்ள முடியும். அது அக்கரையப் பாத்து நிக்குது; தண்ணி தீருமுன்ன அங்க கொண்டு சேத்துருவேன்” என்றது.

அவளுக்குப் புரிந்தது. உயிரோடு இருக்க வேண்டும் என்றால் அவன் போயாக வேண்டும். அவளே அனுப்ப வேண்டும்.

“தள்ளு” என்றாள்.

பானைக்குள்ளிருந்து துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. வெந்நீராவி போல ஒரு வீச்சு அவள் முகத்தில் அடித்து, ஜன்னலைத் தாண்டிப் போனது. கொடியில் சேலை ஆடியது. அவள் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது பாய் புடைத்திருந்தது. பிச்சம்மாள் கைகொட்டிச் சிரித்தாள். உலகம்மையும் சிரித்தாள். நகத்தளவு வெள்ளை அரிசியளவு ஆனது, பிறகு கடல் மட்டும் இருந்தது. அதன் பிறகும் அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

பலவேசம் திரும்பி வந்தான். வரத்தான் செய்தான், ஆனால் பாதிக் காற்றில் வர இரட்டிப்புக் காலம் ஆனது. கடலில் காற்று இப்போது பேசுவதே இல்லை, “ஊ” என்கிறது, அவ்வளவுதான் என்று சொன்னான். பானையில் இருந்த பாதிக்கும் பேச்சு போய்விட்டிருந்தது. “உம்” என்று மட்டும் சொல்லும். அவன் போன பிறகு, அடுத்த முறையும் அதற்கடுத்த முறையும், காத்திருந்த நாளெல்லாம் உலகம்மை அந்தப் பானையில்தான் கிழங்கு பொரித்தாள். பொரிந்துகொண்டிருக்கும்போதே பாதியில் மூடியைத் திறந்து தட்டைக் குலுக்குவாள். உள்ளே இருப்பதில் கொஞ்சம் வெளியே போகட்டும், கடலில் தனியாகத் தள்ளிக்கொண்டிருக்கும் அந்தப் பாதியோடு சேரட்டும், பாய் ஒரு முழமாவது வீட்டைப் பார்த்து நகரட்டும் என்று. பிச்சம்மாள் பார்த்துவிட்டு, “வேகுமுன்னே ஏன்டி திறக்க?” என்று கேட்டாள்.

“ரெண்டு பக்கமும் சிவக்கணும்லாக்கா” என்றாள் உலகம்மை.

பானை போய் இப்போது ஏர் ஃப்ரையர் வந்திருக்கிறது. கங்கு போய்க் கரண்ட் வந்திருக்கிறது. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் ஆளை அனுப்பிவிட்டு ஒற்றை ஆளுக்குக் கிழங்கு பொரிக்கிற வீடுகளில், அது இன்னும் “உம்” என்றுதான் முனகுகிறது. அன்று முதல்தான், காற்றில் பொரிப்பவர்கள் எல்லோரும் பாதியில் ஒரு தடவை கூடையை வெளியே இழுத்துக் குலுக்குகிறார்கள். ஏன் என்று கேட்டால், இரண்டு பக்கமும் சிவக்க வேண்டும் என்று சொல்கிறார்கள்.