நான்கு ஜிபியில் இரண்டு பேர்

கடலோரப் பல்கலைக்கழகம் ஒன்றில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நஸ்ரின். வயது இருபத்துநான்குதான். ஆனால் பேராசிரியர்களே அவளிடம் சந்தேகம் கேட்க வருவார்கள். அதனால் எல்லோருக்கும் அவள் குரு.

ஒரு மத்தியானம் ஆராய்ச்சி மாணவி கார்குழலி அங்கே வந்தாள். நஸ்ரினைவிட மூன்று வயது மூத்தவள். மடிக்கணினியை மேசைமேல் வைத்த சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

“நியாயத்தைச் சொல்லு நஸ்ரின். ஒரு கணினிக்குள்ள இன்னொண்ணை ஓட்டுற மெய்நிகர் இயந்திர மென்பொருள்ல எதுதான் சிறந்தது?”

“எந்தக் கணினிக்கு அக்கா?”

“பார்த்தியா, இதே மழுப்பல்! விண்டோஸ்ல விர்ச்சுவல்பாக்ஸ் போடுறே. மேக்குல யுடிஎம். சர்வர்ல கேவிஎம். ஒரே ஆய்வகத்துல மூணு எதுக்கு? சிறந்தது ஒண்ணுதானே இருக்க முடியும்?”

நஸ்ரின் மடிக்கணினியின் திரையை எட்டிப் பார்த்தாள்.

கார்குழலியின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. இருபது வருடங்களுக்கு முன்பு யாரோ ஊர் ஊராகப் போய், முந்நூறு கிணறுகளில் உப்பு அளந்து வைத்திருந்தார்கள். அந்தக் கணக்குக் கோப்பு பழைய விண்டோஸில் மட்டுமே திறக்கும். அவளுடைய மடிக்கணினியிலோ லினக்ஸ். அதற்குள் பழைய விண்டோஸை ஓடவைத்தால்தான் உண்டு. வெள்ளிக்கிழமை வாய்மொழித் தேர்வு. மூலக் கணக்கைக் காட்டாவிட்டால் மூன்று வருட ஆய்வு செல்லாது. நாளை முதல் ஆய்வகக் கணினிகளையும் தொட முடியாது, செய்முறைத் தேர்வு.

“மூணு மென்பொருள் மாத்திட்டேன். மூணும் உறைஞ்சு போகுது. எல்லாம் இந்த ஓட்டை டப்பாவால. தம்பி வேலைக்குப் போனதும் என் தலையில கட்டிட்டுப் போயிட்டான்.”

“மொத்தம் எவ்வளவு நினைவகம்?”

“நாலு ஜிபி.”

“உள்ளே ஓடுறதுக்கு எவ்வளவு கொடுத்தீங்க?”

“மூணே முக்கால். குறைச்சுக் கொடுத்தா அது எப்படி ஓடும்?”

திரையில் நினைவகத்தை ஒதுக்கும் அளவுகோலின் குமிழ் பச்சையைத் தாண்டி, சிவப்பின் கடைசியில் நின்றது.

நஸ்ரின் எழுந்து வந்தாள். கார்குழலி உட்கார்ந்திருந்த பெஞ்சைக் காட்டினாள்.

“கொஞ்சம் நகருங்க அக்கா.”

நகர்ந்தாள். நஸ்ரின் உட்கார்ந்தாள்.

“இன்னும் கொஞ்சம்.”

“அந்தப் பக்கம்தான் அவ்வளவு இடம் கிடக்கே!”

“எனக்கு வேணும் அக்கா. குறைச்சுக் கொடுத்தா நான் எப்படி உட்காருவேன்?”

தோளால் ஒரு தள்ளு. கார்குழலி நுனிக்குப் போனாள். நஸ்ரின் விடாமல் இன்னும் நெருக்கினாள். பெஞ்சின் மறுமுனை மெல்லத் தூக்கியது.

“ஏய், ஏய், விழப்போறோம்டி!”

விழுந்தார்கள், இரண்டு பேருமே. பெஞ்சு அவர்கள்மேல் சாய்ந்தது.

முதலில் முறைத்தவள் கார்குழலி. முதலில் சிரித்தவளும் அவள்தான். சிரிப்பு பாதியில் நின்றது. வெளியே ஓடும் லினக்ஸுக்குக் கால் ஜிபிதானே விட்டுவைத்திருந்தாள்! தரையில் உட்கார்ந்தபடியே மடிக்கணினியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதை அணைத்து, மறுபடி உயிர்ப்பித்தாள். குமிழைப் பிடித்து இழுத்தாள். மூன்று. இரண்டு. ஒன்று. அரை ஜிபியில் விட்டாள்.

“இது போதுமா?”

“அந்தக் காலத்து விண்டோஸுக்கு அதுவே தாராளம்.”

பழைய விண்டோஸ் திறந்தது. கணக்கும் திறந்தது. கோவில் கிணறு, தர்கா கிணறு, செல்லத்தாய் வீட்டுக் கிணறு. முந்நூறும் இருந்தன.

கார்குழலிக்குக் கண் கலங்கியது. மடிக்கணினியின் மின்கம்பியில், அறுந்த இடத்தில், தம்பி சுற்றிக் கொடுத்த கறுப்பு டேப் இருந்தது. அதை விரலால் தடவினாள். அவன் புதிது வாங்க எட்டு மாதம் ஆனது. அதுவரை அலுவலக வேலையைக் கைபேசியிலேயே பார்த்தான் என்பது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

“உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை, நஸ்ரின்.”

நஸ்ரின் பெஞ்சை நிமிர்த்தினாள்.

“ஆனா ஒண்ணு. நீ இன்னும் பதில் சொல்லலை” என்றாள் கார்குழலி, விடாமல். “எது சிறந்தது?”

“மூணு மென்பொருளையும் கேட்டுட்டீங்க அக்கா. அதுங்களைச் சுமக்கிற கணினியை, எவ்வளவு தாங்கும்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

கார்குழலி மடிக்கணினியை, இந்த முறை சத்தமில்லாமல், மேசைமேல் வைத்தாள்.