முட்டு எடுக்கும் வழக்கம்

அந்தக் கடல்மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை!

புயல் தின்ற கடற்கரைப் பூங்கா மண்டபத்தைப் பழைய அச்சிலேயே திரும்பக் கட்டினார்கள். கூரைக் கான்கிரீட் இன்னும் இறுகவில்லை; கீழே கொடுத்த முட்டுக்கம்புகள்தான் அதைத் தாங்கி நின்றன. மறுநாள் கலெக்டர் திறந்துவைக்கிறார்.

"முட்டுக்கம்பெல்லாம் இப்பவே தட்டி எடுங்கடா" என்று என்ஜினியர் தனசேகரன் அதட்டினார். கூரைக்குக் கீழே போய்த் தட்ட வேண்டியவன் லூர்தையா. அவன் சுத்தியலை எடுத்ததுமே அவன் பெண்சாதி, சித்தாள் செவத்தியம்மாள் மண்சட்டியை இறக்கிவைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"கூரை தாங்குமாங்கய்யா?"

"யானை ஏறினாலும் தாங்கும். நீ மண்ணு சுமக்கிற வேலையைப் பாரு."

அவள் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து கூரைக்குக் கீழே நட்டநடுவில் போட்டாள். முந்தானையால் துடைத்தாள்.

"உட்காருங்கய்யா. கட்டினவுக கீழ உட்கார்ந்து வெத்தலை போட்டாத்தான் முட்டுல கைவைக்கிறது எங்க வழக்கம்."

அப்படியொரு வழக்கம் எந்த ஊரிலும் இருந்ததில்லை. ஆனாலும் ஆட்கள் அத்தனை பேரும் பயபக்தியோடு கைகட்டி நின்றார்கள். என்ஜினியர் கூரையை அண்ணாந்து பார்த்தார். அவள் நீட்டிய வெற்றிலையை வாங்கி, உட்காராமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"முட்டு இருக்கட்டும். கலெக்டர்கிட்ட நான் வேற தேதி கேட்டுக்கறேன்."

செவத்தியம்மாள் புருசன் கையிலிருந்த சுத்தியலை வாங்கிக்கொண்டு வெயிலுக்கு வந்தாள்.

இன்றைக்கு அந்தக் கரையில் எந்த என்ஜினியரும் கூரைக்குக் கீழே உட்காராமல் முட்டு எடுப்பதில்லை. அந்த வழக்கத்தை முதலில் சொன்னது யாரென்று மட்டும் வெளியே விட்டுவிடாதீர்கள். எல்லாரும் அதைத் தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.