மைனாவின் இடது கால்

மலையடிவாரத்தில் சாலை வளைகிற இடத்தில் அமிர்தகௌரியின் பட்டறை இருந்தது. அவர் இரும்புக் கம்பியைக் காய்ச்சி அடித்துக் கிளைகள் செய்வார். மரத்தில் செதுக்கிய பறவைகளை அந்தக் கிளைகளில் உட்கார வைப்பார். அவருக்கு வயது நாற்பதைத் தாண்டவில்லை.

அவருடைய சீடர் பரஞ்சோதிக்கு அறுபது நிறைந்துவிட்டது. பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஒரே மகள் இளவேனில் புனேயில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க முடியாமல் பட்டறைக்கு வந்தவர், உளி பிடிக்கக் கற்றுக்கொண்டார். அவர் செதுக்கும் மைனாக்கள், இதோ வாயைத் திறக்கப் போகின்றன என்பதுபோல இருக்கும்.

பறவையைக் கிளையில் பொருத்தும் வேலையை மட்டும் அமிர்தகௌரி அவருக்கு நெடுநாள் தரவில்லை. கடைசியாகத் தை மாதத்தில் ஒரு கிளையைத் தந்தார். பரஞ்சோதி அன்று சாப்பிடக்கூடப் போகாமல் வேலையை முடித்தார்.

பங்குனி வெயில் ஏறியதும் அவர் பொருத்திய மைனாக்கள் அத்தனையும் வெடித்தன. வயிற்றில் தொடங்கிய விரிசல் மார்புவரை ஓடியிருந்தது. பக்கத்துக் கிளையில் அமிர்தகௌரி பொருத்திய பறவைகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

அந்த வியாழக்கிழமை மாலை பரஞ்சோதி தோளில் ஒரு பையோடு வந்து நின்றார்.

“எங்கண்ணே, பையும் கையுமா?”

“புனேக்கு. ஆறு மணி பஸ்ஸைப் புடிச்சா ரயிலுக்குச் சரியா இருக்கும். பொண்ணைக் கூட்டிட்டு வந்துடப் போறேன், வாத்தியாரம்மா.”

“என்னாச்சு அவளுக்கு?”

“போனை எடுக்க மாட்டேங்கறா.”

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிடுவீங்க?”

“அதிகமெல்லாம் இல்ல. காலையில எந்திரிச்சாளான்னு. அப்புறம் டிபன். டூட்டிக்குப் போய்ச் சேர்ந்தாளான்னு ஒண்ணு. மத்தியானம். சாயங்காலம். தூங்கப் போறப்போ. எடுக்கலைன்னா ஹாஸ்டல் வார்டனுக்கு.”

“வார்டனுக்குமா!”

“நல்ல அம்மா. எனக்காகவே தமிழ் நாலு வார்த்தை கத்துக்கிட்டாங்க.”

அமிர்தகௌரி சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

பரஞ்சோதி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். “அனுப்பியிருக்கா பாருங்க. பெத்த அப்பனுக்கு அனுப்பற சேதியா இது?”

‘அப்பா, இனிமே நீங்க கூப்பிட வேண்டாம். ஞாயித்துக்கிழமை நானே கூப்பிடறேன். நல்லா இருக்கேன். சாப்பிட்டேன்’ என்று இருந்தது.

அமிர்தகௌரி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்” என்றார் பரஞ்சோதி. “அதே வாகைக் கட்டை. அதே கம்பி. உங்க பறவை நிக்குது. என் பறவை ஏன் வெடிக்குது?”

“எப்படிப் பொருத்துனீங்க?”

“கிளையில ரெண்டு முள்ளு நீட்டிக்கிட்டு இருக்குல்ல, ரெண்டுக்கும் கச்சிதமா ஓட்டை போட்டேன். இறுக்கி அடிச்சேன். போதாதுன்னு ஓட்டையில பசையும் ஊத்துனேன். என்னைக்கும் கழண்டு விழக்கூடாதுல்ல?”

அமிர்தகௌரி தன் கிளையைக் காட்டினார். “அந்த மைனாவைத் தொட்டு ஆட்டிப் பாருங்க.”

பரஞ்சோதி ஒரு விரலால் தொட்டார். மைனா துளி அசைந்தது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஆடுதே! இதைக் கொண்டுபோய்க் குடுத்தா வாங்கறவன் என்ன சொல்லுவான்?”

“கழட்டுங்க.”

அவர் மைனாவை மெல்ல ஆட்டி மேலே இழுத்தார். கையோடு வந்தது. பசையே இல்லை. தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். வலது காலுக்கு வட்டமாக ஒரு துளை, முள் இறுகி உட்காரும் அளவுக்கு. இடது காலுக்கான துளை குறுக்கே நீண்டு, நெல்மணிபோல இருந்தது.

“இந்த ஓட்டை கோணலாப் போச்சே, வாத்தியாரம்மா.”

“போகலை. நானாப் போட்டது.”

“எதுக்கு?”

“கட்டை வெயில்ல இளைக்கும். மழையில ஊதும். இரும்பு அது பாட்டுக்கு நிக்கும்.”

பரஞ்சோதி வெடித்த மைனா ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். விரிசல் இரண்டு துளைகளுக்கும் நடுவில் ஓடியிருந்தது. அதை விரலால் தடவினார்.

“அப்ப ரெண்டு காலுக்கும் இடம் விட்டுற வேண்டியதுதானே?”

“விட்டா, அடிக்கிற காத்துல பறந்துடும். ஒரு காலு இறுக்கமாத்தான் இருக்கணும்.”

“எனக்கென்னவோ மனசு ஒப்பலை. ஓடற பஸ்ல கம்பியைக் கெட்டியாப் புடிக்காதவன் விழுந்துதான் ஆகணும். எத்தனை பேரைப் பாத்திருக்கேன்.”

“நீங்க எதைப் புடிச்சிக்கிட்டு டிக்கெட் கிழிச்சீங்க, அண்ணே?”

“நானா? ரெண்டு கையிலயும் வேலை இருக்குமே. இடுப்பைச் சீட்டுல முட்டுக் குடுத்துக்குவேன். பஸ் ஆடறப்ப கூடவே நானும்...”

விரிசலைத் தடவிக்கொண்டிருந்த அவர் விரல் நின்றது.

அமிர்தகௌரி உலையைக் கிண்டப் போய்விட்டார்.

பரஞ்சோதி வெடித்த மைனாவைக் கீழே வைத்தார். பிறகு தோளிலிருந்த பையை இறக்கி ஆணியில் மாட்டினார். அலமாரியில் அவர் செதுக்கி வைத்திருந்த புது மைனா ஒன்று இருந்தது. அதை எடுத்து வலது காலுக்கு வட்டமாகத் துளை போட்டார். இடது காலுக்குப் போடும்போது கை தயங்கியது. உளியை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். கடைசியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு குறுக்கே இழுத்தார்.

சாலையில் ஒரு ஹார்ன் கேட்டது. ஆறு மணி வண்டி. அவர் எழுந்திருக்கவில்லை. ஓட்டுநர் வளைவில் இரண்டாவது முறை அடித்துவிட்டுப் போனார்.

“வண்டி போகுது, அண்ணே” என்றார் அமிர்தகௌரி உலையடியிலிருந்து.

“காது கேக்குது.”

பரஞ்சோதி மைனாவைக் கிளையில் வைத்து அழுத்தினார். பசை டப்பா எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதன் பக்கம் ஒரு தடவை பார்த்தார். கை போகவில்லை.

அமிர்தகௌரி வந்து அவருக்குப் பின்னால் நின்றார்.

“ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கே, வாத்தியாரம்மா.”

“இருக்கு.”

பரஞ்சோதி ஒரு விரலால் மைனாவைத் தொட்டார். அது துளி அசைந்தது.

“ஆடுதே” என்றார்.

“உக்காந்திருக்குல்ல, அண்ணே?”