ஐடிஸுக்குக் கதவு திறந்தவர்கள்

அந்தக் காலத்தில் உடம்புக்குள் குடியிருந்த எல்லாருக்கும் வாய் இருந்தது. சும்மா இருக்க மாட்டார்கள். ஈரல் வயிற்றைத் திட்டும். வயிறு முட்டியைத் திட்டும். தொண்டை வாசலில் டான்சில் காவல் நின்றாள். முட்டியில் ஆர்த்ரோ இருந்தான். வயிற்றின் வலது பக்கம், அடியில், பெருங்குடல் வீட்டை ஒட்டி ஒரு முட்டுச்சந்து. ஒரே கதவு. அதில் அப்பெண்டிக்ஸ் இருந்தான். விரல் அளவு ஆள். வேலை கிடையாது.

"சோறு வருது, போகுது. இவன் எதுக்குடா இருக்கான்?" என்பான் ஆர்த்ரோ. எல்லாரும் சிரிப்பார்கள். அப்பெண்டிக்ஸ் மட்டும் சிரிக்க மாட்டான்.

ஒரு நாள் கிருமி புகுந்தது. எச்சிலோடு எச்சிலாக வந்து டான்சிலைக் கடித்தது. கடித்த இடத்திலேயே இரண்டானது. இரண்டு நாலானது. டான்சிலால் விழுங்க முடியவில்லை.

ரத்தத்தில் ஒரு நெருப்பு சுற்றிக்கொண்டிருந்தது. பெயர் ஐடிஸ். கூப்பிடாமல் யார் வீட்டுக்கும் போகாது. டான்சில் கூப்பிட்டாள்.

"வந்தா எரிப்பேன்" என்றது ஐடிஸ். "கிருமியை மட்டும் பார்த்துப் பார்த்து எரிக்கத் தெரியாது. வீடும் சேர்ந்து வேகும். சிவக்கும், வீங்கும், வலிக்கும்."

"தெரியும். வா."

"இன்னொண்ணு. உன் பேருக்குக் கடைசியில என் பேர் நிக்கணும். அதுதான் எனக்கு வாசல். பேர் குடுக்காத வீட்டுக்குள்ள என்னால கால் வைக்க முடியாது."

"எடுத்துக்க. சீக்கிரம்!"

டான்சிலைடிஸ் ஆனாள். தொண்டை எரிந்தது. கிருமிகளில் பாதி செத்தன. மீதி ரத்தத்தில் குதித்து, முட்டிக்குள் போய்ப் பதுங்கின.

ஆர்த்ரோ ஐடிஸைக் கூப்பிட்டுப் பேரம் பேசினான். "பேரெல்லாம் தர முடியாதுய்யா. வேணும்னா ஓரமா நின்னு ஊதிட்டுப் போ."

பேசி முடிப்பதற்குள் மடக்கிய காலை நீட்ட முடியவில்லை.

"சரி, எடுத்துத் தொலை!"

ஆர்த்ரைடிஸ் ஆனான். முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியது. அங்கேயும் கிருமிகள் வெந்தன. தப்பியது ஒன்றே ஒன்று. அது முட்டுச்சந்துக்குள் ஓடி, கடைசிக் கதவைத் தட்டியது.

"அண்ணே, ஒளிச்சு வைங்கண்ணே!"

அண்ணே. அப்பெண்டிக்ஸை அதுவரை ஒருத்தரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"நீ அந்தத் திருட்டுக் கிருமிதானே?"

"உங்களை மாதிரிதாண்ணே. யாரும் சேர்த்துக்காத ஆளு. உள்ள விட்டா, நீங்கதான் எனக்குத் தலைவர்."

விட்டான். கதவைச் சாத்தினான்.

ஐடிஸ் வந்து நின்றது. பின்னாலேயே பெருங்குடலும் வந்தாள்.

"தம்பி, இந்தப் பக்கம் ஏதாவது வந்துச்சாடா?" என்றாள்.

"வந்துச்சு. தொப்புள் பக்கம் ஓடிப்போச்சு."

"நிஜமாவா?"

"என்னைக்கு என்னை நம்பியிருக்க, அக்கா?"

ஐடிஸ் தொப்புளுக்கு ஓடியது. சுற்றிச் சுற்றித் தேடியது. உடம்பே தொப்புளைப் பிடித்துக்கொண்டு சுருண்டது.

சந்து வீட்டில் ஒன்று இரண்டானது, நாலானது, நூறானது. "தலைவரே, கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்றன. பிறகு, "டேய், தள்ளுடா" என்றன. பிறகு எதுவும் பேசவில்லை. சுவரைத் தின்ன ஆரம்பித்தன.

அவன் கதவுக்கு ஓடினான். கூட்டம் பிதுங்கி நின்றது. கதவு அசையவில்லை.

"அக்கா!" சுவரில் குத்தினான். "பொய் சொல்லிட்டேன். இங்கதான் இருக்கு. கூப்பிடு அதை!"

பெருங்குடல் கத்திய கத்தலில் ஐடிஸ் திரும்பி ஓடி வந்தது. தொப்புளில் சுற்றிய வலி, வலது அடிவயிற்றில் வந்து குத்தி நின்றது.

"பேர் குடு!" என்றது ஐடிஸ்.

வேலை இல்லை, மரியாதை இல்லை. அவனிடம் இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

"எடுத்துக்க."

அப்பெண்டிசைடிஸ். நெருப்பு கதவிடுக்கில் நுழைந்தது. கிருமிகள் எரிந்தன. ஆனால் டான்சில் எரிந்தபோது தொண்டைக்கு வாய் திறந்திருந்தது. சீழ் வெளியே போனது. இங்கே வழி இல்லை. வீடு உப்பியது. சுவர் பலூன் மாதிரி மெலிந்தது.

"போதும், வெளிய வா!" என்றாள் பெருங்குடல்.

"எப்படி வர்றது? கதவு அடைச்சுப்போச்சு" என்றது ஐடிஸ். "சுவர் கிழிஞ்சா வயிறு முழுக்க அழுகல் கொட்டும். ஒருத்தரும் மிஞ்ச மாட்டீங்க."

 

"அக்கா." உள்ளேயிருந்து குரல் வந்தது. "உன் வீடும் என் வீடும் ஒட்டுற இடத்துல இறுக்கிக் கட்டு. கட்டிட்டு அறுத்துடு. வீட்டோட வெளிய போட்டுடு."

"டேய், நீயும் அதுக்குள்ளதானடா இருக்க!"

"நான்தானே உள்ள விட்டேன்? அறு. சுவர் தாங்காது."

அவள் கட்டினாள். மறுபடி இறுக்கினாள். அறுத்தாள். எடுத்து வெளியே போட்டார்கள்; உள்ளே மாட்டிய நெருப்பும் அதோடு போனது, மீதி ஐடிஸ் ரத்தத்திலேயே சுற்றியது. சுவர் கிழியவில்லை.

காய்ச்சல் இறங்கியது. உடம்பு கண் திறந்தது. முதலில் வாய் திறந்தவன் ஆர்த்ரோதான்.

"அவன் எதுக்கு இருந்தான்னு..." என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

அன்று முதல்தான் உடம்பில் எந்த வீடு எரிந்தாலும் அதன் ஆங்கிலப் பெயர் ஐடிஸ் என்று முடிகிறது. ஈரல் எரிந்தால் ஹெபடைடிஸ். மூச்சுக்குழல் எரிந்தால் பிராங்கைடிஸ். கடைசியில் அந்தப் பெயர் நின்றால், உள்ளே நெருப்பு நுழைந்துவிட்டது என்று அர்த்தம். மற்ற வீடுகள் எரிந்து தணியும். முட்டுச்சந்து வீட்டில் மட்டும் இன்றைக்கும் வலி தொப்புளில் தொடங்குகிறது, வலது பக்கம் வந்து நிற்கிறது, நின்றுவிட்டால் கத்திதான்.