நூல் அறுந்த மன்னர்

முன்னொரு காலத்தில், இன்று பேர்கூட மிஞ்சாத ஒரு நாட்டை ஆண்ட மன்னருக்குச் சாட்சிகள்மேல் சலிப்பு வந்தது. ஒரே திருட்டை நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். ஒருநாள் காலை அவர் ஆணையிட்டார்.

"இனி நம் சபையில் கண்ணால் கண்டவன் பேச வேண்டாம். துறை அறிந்தவர் சொல்லே சாட்சி. அதற்குமேல் கேள்வி இல்லை. அந்தச் சொல்லுக்கு யாமும் கட்டுப்படுவோம்."

இதில் அதிகம் மகிழ்ந்தவர் அரசு மருத்துவச்சாலையின் தலைமை வைத்தியர் வாகடேசர். அவர் நோயாளியைத் தொடமாட்டார். அந்தப்புரத்துப் பெண்களுக்குத் திரைக்கு வெளியே இருந்து நாடி பார்க்க ஏற்பட்ட வழக்கம் அது. வசதியாக இருந்ததால் எல்லோருக்கும் அதையே வைத்துக்கொண்டார். திரைக்கு உள்ளே நோயாளியின் மணிக்கட்டில் பட்டு நூலின் ஒரு முனை. வெளியே அவர் விரலில் மறுமுனை. உயிர் இல்லை என்று தோன்றினால் வெடுக்கென்று இழுத்து அறுப்பார். "நூல் அறுந்தது" என்பார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் வாசலில் இருப்பவன் சங்கு ஊதுவான். பிறகு அந்த ஆள் இறந்தவர்தான்.

அப்படி இறந்தவள் ஆவுடை. சந்தையில் சுண்ணாம்பு விற்பவள். பாடை மருத்துவச்சாலை வாசலைக் கடக்கும்போது, சேர்த்துக் கட்டிய அவள் கால் கட்டைவிரல்கள் அசைந்ததைக் காவலன் இடும்பன் பார்த்தான். பாடையை மறித்துக் கட்டுகளை அவிழ்த்தான். ஆவுடை எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள்.

யாரும் கொடுக்கவில்லை.

மறுநாள் அவள் சபை நடுவே நின்றாள். ஒரு கட்டைவிரலில் துணித் துண்டு இன்னும் தொங்கியது. அத்தனை பேர் இருந்தும் ஒருவர் கண்ணும் அவள்மேல் படவில்லை. தூணுக்குப் பின்னால் அவள் கணவன் கைக்குழந்தையோடு நின்றான். குழந்தை பாலுக்கு அழுதது. அவன் தூணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அரசே, இந்த உடலுக்கு நூல் அறுந்துவிட்டது," என்றார் வாகடேசர். "இப்போது நடமாடுவது பேய். பொழுது சாய்வதற்குள் எரித்துவிட வேண்டும். பேயை ஊருக்குள் விட்ட காவலனுக்கும் தண்டனை உண்டு."

"சாமி, நான் பேசுறேனே," என்றாள் ஆவுடை. "புள்ளைய மட்டும் குடுக்கச் சொல்லுங்க."

"செத்தவர்கள் பேசுவதுண்டு. பதில் சொல்லாதிருப்பதே முறை," என்றார் வாகடேசர்.

சபை பதில் சொல்லவில்லை.

"இவளுக்காக வாதாட யாரேனும் உண்டா?" என்று வழக்கப்படி மன்னர் கேட்டார்.

வாகடேசர் விதூஷகன் தத்தனைப் பார்த்துச் சிரித்தார். மன்னர் தத்தனோடு சிரித்துப் பேசும் ஒவ்வொரு முறையும் வைத்தியருக்கு வயிறு எரியும்.

"தத்தர் வாதாடட்டுமே. போன ஆடியில் நூல் அறுந்த மனைவியைச் சுடுகாட்டுக்கு அனுப்பியவர். பேய்களோடு பழக்கம் இருக்கும். தோற்றால் அதே விறகில் அவருக்கும் இடம் தரலாம்."

சிலர் சிரித்தார்கள். தத்தன் எழுந்தான். போன ஆடிக்குப் பிறகு அவனுக்கு எதுவும் பெரிதாக உறைப்பதில்லை. மற்றவர்களைச் சிரிக்க வைக்க முடிந்தது. அது வேலை. ஆனால் அந்தக் குழந்தையின் அழுகை மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

"வைத்தியர் சொல்லை நான் மறுக்கவில்லை, அரசே. இன்னொரு முறை சொல்லச் சொல்கிறேன், அவ்வளவுதான். அதே திரை, அதே நூல். முடிச்சு சரியாக விழுகிறதா என்று தாங்களே உள்ளே வந்து பாருங்கள்."

"தாராளமாக," என்றார் வாகடேசர். சபையில் திரை கட்டினார்கள்; சங்கு ஊதுபவன் வாசலில் வந்து நின்றான். வாகடேசர் திரைக்கு முதுகு காட்டி அமர்ந்து விரலை நீட்டினார்.

திரைக்கு உள்ளே மூன்று பேர். தத்தன் நூலை எடுத்தான். ஆவுடையின் கையை விட்டுவிட்டு, மன்னர் முன்னால் மண்டியிட்டு, உதட்டில் விரல் வைத்தான். மன்னருக்கு வேடிக்கை பிடிக்கும். சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை நீட்டினார்.

வெளியே வாகடேசர் கண்ணை மூடினார்.

"வாதமில்லை. பித்தமில்லை. கபமில்லை. உள்ளே ஒன்றுமே இல்லை. வெற்றுக்கூடு. நாற்றம்கூட இங்கே அடிக்கிறது."

நூல் வெடுக்கென்று அறுந்தது.

"நூல் அறுந்தது."

வாசலில் சங்கு ஊதியது. தத்தன் திரையை விலக்கினான். அறுந்த நூல் மன்னரின் மணிக்கட்டில் தொங்கியது.

"மன்னர் காலமாகிவிட்டார்," என்றான் தத்தன்.

வாகடேசர் வாயைத் திறந்தார். தவறிவிட்டது என்று சொன்னால் ஆவுடைக்குச் சொன்னதும் தவறாகும். வாயை மூடிக்கொண்டார். மந்திரி ஆணையை ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு தலைப்பாகையைக் கழற்றினார். ஒவ்வொரு தலைப்பாகையாக இறங்கியது.

"போதும் விளையாட்டு," என்றார் மன்னர் சிரித்துக்கொண்டே.

யாரும் நிமிரவில்லை.

"மந்திரி. உம்மைத்தான்."

மந்திரி தரையைப் பார்த்தார். கவரி வீசுகிறவள் கவரியைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்தாள். மன்னர் நடந்து வந்தார். கூட்டம் தொட்டுவிடாமல் ஒதுங்கியது. வெளியே சங்கு நிற்கவில்லை. யாரோ மூங்கில் வெட்டும் ஓசையும் சேர்ந்துகொண்டது.

"தத்தா," என்றார் மன்னர். சிரிப்பு போயிருந்தது. "நான் பேசுகிறேன் அல்லவா?"

தத்தன் அவரைப் பார்க்காமல் சொன்னான். "செத்தவர்கள் பேசுவதுண்டாம். பதில் சொல்லாதிருப்பதே முறையாம்."

மன்னர் தம் மணிக்கட்டைத் தாமே பிடித்தார். அழுத்திப் பிடித்தும் நாடி அகப்படவில்லை. இடம் மாற்றிப் பிடித்தார். அப்போதும் இல்லை. முகம் வெளுத்தது.

அந்தச் சபையில் ஒருத்தி மட்டும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவுடை அருகே வந்து, சுண்ணாம்பில் வெந்த விரல்களால் அவர் கையைப் பிடித்தாள்.

"அழுத்திப் புடிச்சா தெரியாதுங்க சாமி. இங்கன, லேசா. அடிக்குது பாருங்க. எனக்கும் அப்படித்தான் அடிக்குது."

மன்னர் தம் நாடியை உணர்ந்தார். பிறகு அவளுடையதைத் தொட்டுப் பார்த்தார். நீண்ட மூச்சு விட்டார். அதற்குப் பிறகே சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தார். சபையும் தலைப்பாகையைத் தேடிக்கொண்டே சிரித்தது.

ஆணை அங்கேயே மாறியது. கண்டவனும் பேசலாம், துறை அறிந்தவரையும் கேள்வி கேட்கலாம், தொட்டுப் பார்க்காமல் எவரையும் இறந்தவர் என்று சொல்லக் கூடாது. இடும்பனுக்கு வெள்ளிக் காப்பு கிடைத்தது. வாகடேசர் மருத்துவச்சாலையில் புண் கழுவும் வேலைக்குப் போனார். அதைத் தொட்டுத்தான் செய்ய வேண்டும். ஆவுடை குழந்தையைக் கணவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"உனக்கு என்ன வேண்டும், தத்தா? ஊரா, யானையா?"

"அந்த நூல், அரசே."

விகடம் என்று நினைத்து மன்னர் இன்னும் உரக்கச் சிரித்தார். நூலை அவிழ்த்து, கூடவே தம் முத்துமாலையையும் போட்டு அனுப்பினார்.

வாசலில் இடும்பன் கும்பிட்டான்.

"இடும்பா, போன ஆடியில் என் மனைவியின் பாடை போனபோது மருத்துவச்சாலை வாசலில் காவலுக்கு நீதானே இருந்தாய்?"

"இல்லீங்க ஐயா. நான் தையிலதான் வேலைக்கு வந்தேன். அப்ப வாசல்ல காவலுக்கு ஆளே இல்லைன்னு சொல்லிக்கிட்டாங்க."

தத்தன் தலையசைத்தான். நூலைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு நடந்தான். உள்ளே மன்னர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.