கை எதைத் தேடியது

“அம்மா, இந்த டேப்லெட்டுல ஒரு வரிகூட எழுத வர மாட்டேங்குது.”

கனகசபாபதி உட்காரக்கூட இல்லை. வாசலில் செருப்பை உதறிய வேகத்தில் வந்து, நின்றுகொண்டே சொன்னார். குரு பரிபூரணம் அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் மனசு அடித்துக்கொள்ளும்போதெல்லாம் அவர் ஓடி வருவது இந்த ஆசிரமத்துக்குத்தான்.

“என்ன எழுதணும்?”

“செத்துப்போன என் தம்பி தணிகாசலத்தைப் பத்தி. நாளைக்குப் படத்திறப்பு. ‘நீங்கதான் எழுதி வாசிக்கணும் அத்தான்’னு அவன் பொண்டாட்டி அழுதுகிட்டே கேட்டுச்சு. கூடப் பிறந்தவன்மா. ஒரு வரி வரலை.”

“போன தடவை லேப்டாப்பைக் குறை சொன்னீங்க.”

“அது பிணக்கனம். மடியில வெச்சா சுடுது. அதான் இங்கேயே போட்டுட்டு டேப் வாங்கினேன்.”

“இது கனமில்லையே?”

கனகசபாபதி தோள் பையை இறக்கினார். அது தொம்மென்று தரையில் உட்கார்ந்தது.

டேப் என்னவோ லேசுதான். கண்ணாடியில் தட்டி எழுத விரல் வணங்கவில்லை என்று ஒரு கீபோர்டு வாங்கினார். கீபோர்டு வந்ததும், டேப் நிமிர்ந்து நிற்க ஒரு ஸ்டாண்டு. கையைத் தூக்கித் தூக்கித் திரையைத் தொட்டதில் தோள் கழன்றுபோக, ஒரு மவுஸ். டேப்பில் இருப்பதோ ஒரே ஓட்டை. சார்ஜரையும் பென் டிரைவையும் சேர்த்துச் செருக ஒரு சின்னப் பெட்டி. லேப்டாப்பைத் தலைமுழுகிய மனுஷர் அதையே உதிரி உதிரியாகச் சுமந்து திரிந்தார்.

“இதுக்கு லேப்டாப்பே தேவலைம்மா.”

குரு உள்ளே போய், கனகசபாபதி போட்டுவிட்டுப் போன பழைய லேப்டாப்பை எடுத்துவந்து கொடுத்தார்.

கனகசபாபதி பாயில் உட்கார்ந்து அதைத் திறந்தார். ‘என் தம்பி’ என்று அடித்தார். பிடிக்கவில்லை. அழிப்பதற்காக அந்த வார்த்தையைத் திரையில் விரலால் அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார். திரையில் விரல் ரேகைதான் விழுந்தது.

குருவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லேப்டாப்பை வாங்கி வைத்துவிட்டு, பையிலிருந்து வெறும் டேப்பை மட்டும் எடுத்து நீட்டினார்.

கனகசபாபதி அதில் ‘என் தம்பி’ என்று தட்டினார். அதற்குள் வலது கை பக்கத்தில் இறங்கி, பாயில் மவுஸைத் துழாவியது.

“அதுல எழுதுறப்ப கை இதைத் தேடுது. இதுல எழுதுறப்ப அதைத் தேடுது,” என்றார் குரு.

“ஆமாம்மா. என்ன எழவோ, ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது.”

“தம்பி உங்களைப் பாக்க வருவாரா?”

“ஞாயித்துக்கிழமையானா வந்துடுவான். எதிர்ல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு ஏதாச்சும் பேசிக்கிட்டே இருப்பான்.”

“அப்ப இந்தக் கை எங்க இருந்துச்சு?”

பாயில் துழாவிக்கொண்டிருந்த கை நின்றது.

கனகசபாபதி அந்தக் கையை எடுத்துப் பார்த்தார்.

“கீபோர்டுல இருந்துச்சும்மா,” என்றார். “‘சொல்லுடா, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்’னு சொல்லுவேன். நிமிர்ந்து பாத்ததில்லை.”

குரு லேப்டாப்பையும் அந்தப் பையில் போட்டு, எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கனகசபாபதி டேப்பை மடியில் வைத்து, ஒற்றை விரலால் எழுத ஆரம்பித்தார்.

‘சொல்லுடா, தணிகா.’