வைகையை உறிஞ்சிய மெஷின்

சோலைமலை அண்ணன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட எனக்கே அந்தக் கட்டாயம் இருக்கவில்லை.

திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், டீக்கடையை ஒட்டினாற்போல எங்கள் வாடகைக் கார் ஸ்டாண்டு. ஐந்தாறு வண்டிகள் நிற்கும். சவாரி வருகிற நேரத்தைவிட வராத நேரம்தான் அதிகம். வராத நேரத்தையெல்லாம் சோலைமலை அண்ணன் பார்த்துக்கொள்வார். அவர் வாயைத் திறந்தால் டீ ஆறுவது தெரியாது.

அண்ணனுடைய வண்டி அரதப் பழசு. ஆனால் கதவைத் திறந்து உள்ளே ஏறினால் அன்றைக்குத்தான் ஷோரூமிலிருந்து இறக்கியது மாதிரி இருக்கும். ஒரு தூசி, ஒரு முடி பார்க்க முடியாது. காரணம் கேட்டால், "மெஷினு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். சிங்கப்பூரில் இருக்கும் மச்சினன் கொண்டுவந்து கொடுத்த மெஷின் அது. கையில் பிடித்துக்கொண்டு தூசி உறிஞ்சுகிற, வயர் இல்லாத வேக்குவம் கிளீனர். போன ஆயுத பூஜைக்கு முதல் நாள் வந்தது. பூஜையன்று வண்டிக்குப் போட்டதைவிடப் பெரிய மாலையாக அதற்குப் போட்டு, பானட் மேல் உட்கார வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டினார். அதற்குப் பிறகு அது துண்டு சுற்றி டிக்கிக்குள் போய்விட்டது. அது ஓடி நாங்கள் பார்த்ததில்லை, ஓடிய கதைகளை மட்டும் கேட்டிருக்கிறோம்.

அன்றைக்குக் காலையில் தவமணி வண்டியை நிறுத்திய வேகத்திலேயே ஏதோ வில்லங்கம் என்று தெரிந்தது. இறங்கி நேராக அண்ணனிடம் ஓடி வந்தான்.

"அண்ணே, அந்த மெஷினைக் கொஞ்சம் குடுங்கண்ணே. வண்டி பாக்கச் சகிக்கல."

எட்டிப் பார்த்தேன். முந்தின நாள் காதுகுத்து வீட்டுச் சவாரி போயிருக்கிறான். பிள்ளைகள் முறுக்கையும் பொரியையும் தின்றதைவிட சீட்டுக்கு ஊட்டியதுதான் அதிகம் போல. போதாததற்கு, எவனோ ஜிகினாப் பொட்டலத்தைப் பிரித்து ஊதியிருக்கிறான். சீட்டுத் தையலுக்குள், பெல்ட் இடுக்குக்குள், மிதியடிக்கு அடியில் எல்லாம் மினுக்கிக்கொண்டிருந்தது. விளக்குமாற்றுக்கு அது அசையவில்லை.

மற்ற நாளென்றால் பரவாயில்லை. அன்றைக்குப் பதினோரு மணிக்குப் பவளக்கொடி டீச்சர் வருகிற நாள். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வாரம் ஒரு தடவை மதுரையில் மகள் வீட்டுக்குத் தவமணி வண்டியில்தான் போவார். அவருக்குத் தூசி ஆகாது. ஒரு தும்மல் வந்தால் பின்னாலேயே இன்னும் பத்து வரும், அப்புறம் மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். ஏறுவதற்கு முன்னால் சீட்டில் விரலை வைத்து ஒரு கோடு இழுத்துப் பார்ப்பார். போன வாரம் பாதி வழியில் தும்மிவிட்டு, "இன்னொரு தடவை இப்படி இருந்தா நான் வேற வண்டி பாத்துக்கிறேன் தவமணி" என்று சொல்லியிருந்தார். தவமணிக்கு நிரந்தரச் சவாரி என்று இருப்பது அது ஒன்றுதான். அதுவும் போனால் அவன் நிலைமை ரொம்பக் கஷ்டம்.

சோலைமலை அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"குடுக்கலாம் மாப்ள. குடுக்கிறதுக்கு என்ன வந்துச்சு? ஆனா அதைப் பிடிக்கத் தெரியணும்ல. அது என்ன விளக்குமாறா, எடுத்தோம் கூட்டுனோம்னு போறதுக்கு? மொதல்ல, அதோட வாய்கிட்ட கையி, முடி எதையும் கொண்டுபோகக் கூடாது. மேலூர்ப் பக்கம் ஒரு கல்யாணச் சவாரி. பொண்ணோட தாய்மாமன், ஆளு ஆஜானுபாகு, மீசைன்னா அப்பிடி ஒரு மீசை. 'என்னப்பா இது'ன்னு குனிஞ்சு பாத்தாரு. சர்ர்ருன்னு ஒரே இழுப்பு."

"மீசை போச்சா?" என்றான் இருளப்பன். எங்கள் ஸ்டாண்டில் அண்ணனை மறித்துக் கேள்வி கேட்கிற ஒரே ஆள். வேர்க்கடலை தின்றுகொண்டே கேட்பான்.

"மீசை மட்டும் போனாத்தான் தேவலையே! அவரு மகனுக்கு வர வேண்டிய மீசை, பேரனுக்கு வர வேண்டிய மீசை, எல்லாத்தையும் வேரோட சேத்து உருவிருச்சு. இன்னைக்கும் அந்தக் குடும்பத்துல ஆம்பளைக யாருக்கும் மீசை முளைக்கல."

"எந்தக் குடும்பம்ணே?"

"பேரு சொன்னா அவங்களுக்கு அசிங்கம்."

"அண்ணே, நான் பதமாப் பிடிச்சுக்கிறேண்ணே. என் மீசையை வேணா எடுத்துட்டு வர்றேன்" என்றான் தவமணி.

"அவசரப்படாத. இன்னும் இருக்கு. சூடு ஆகாது அதுக்கு. தணலு, சுடுசாம்பலு, அணையாத பீடி, எதையும் உறிஞ்சவிடக் கூடாது."

"அது நெசந்தான். அப்பிடித்தான் சொல்லுவாங்க. உள்ள இருக்கிற தூசியில தீப்பிடிச்சுக்கும்" என்று இருளப்பன் தலையாட்டினான்.

இப்படி ஒரேயடியாக நம்பிவிட்டால் அண்ணனுக்குப் பிடிக்காது. முகம் சுருங்கிவிட்டது.

"தீயா? தீ என்னடா தீ! கதையைக் கேளு. ஒரு வெள்ளிக்கிழமை வண்டிக்குள்ள சாம்பிராணி போட்டேன். ஒரு கங்கு சிந்தி மிதியடியில விழுந்துருச்சு. பதறிப்போயி மெஷினை எடுத்து அதை உறிஞ்சிட்டேன். அம்புட்டுத்தான். பின்னாடி புஸ்ஸுன்னு புகை. தீவாளி ராக்கெட்டு மாதிரி கிளம்பிருச்சு. நான் விடுவனா? மச்சினன் குடுத்த பொருளாச்சே. ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன். கீழ பாக்குறேன், வாழைத்தோப்பு போகுது, கம்மாய் போகுது. உசிலம்பட்டிச் சந்தையில, தக்காளிக் கூடை மேல போயி எறங்குனேன். பஸ்ஸைப் பிடிச்சுத்தான் திரும்பி வந்தேன்."

"அப்ப வண்டி?"

"வண்டி இங்கனதான் கெடந்துச்சு, கதவு திறந்தபடிக்கு. நீதானடா காவல் இருந்த. வடையெல்லாம் வாங்கிக் குடுத்தேன், நன்றிகெட்டவன், மறந்துட்டியா?"

இருளப்பன் ஒரு கணம் யோசித்தான். வடை என்றதும் அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

தவமணி செல்போனில் மணி பார்த்தான். "அண்ணே, பத்தரை ஆகப்போகுது. கால்ல வேணா விழுறேன்."

"வடிகட்டியைப் பத்தித் தெரியாம உன்கிட்ட எப்பிடிக் குடுப்பேன்? அதுக்குள்ள ஒரு வடிகட்டி இருக்கு. அதைக் கழட்டிவச்சிட்டு மெஷினைப் போடக் கூடாது. நான் ஒரு தடவை போட்டேன். கொடைக்கானல் சவாரி. புதுசாக் கல்யாணம் ஆன சோடி. கண்ணாடியில ஒரே பனிமூட்டம், பாதை தெரியல. சரி, கொஞ்சம் பனியை எடுப்போம்னு கண்ணாடியை இறக்கி மெஷினை நீட்டுனேன். வடிகட்டி இல்ல பாரு, அடக்குறதுக்கு ஆளில்ல. கொடைக்கானல் பூராப் பனியும் உள்ள வந்துருச்சு. மலை மொட்டையா நிக்குது. வெயில் சுள்ளுன்னு அடிக்குது. பனி பாக்க வந்த சனமெல்லாம் குல்லாவைக் கழட்டிக்கிட்டு என் வண்டியைச் சுத்தி நின்னுட்டாங்க. அந்தப் புதுப்பொண்ணு அழுகவே ஆரம்பிச்சுருச்சு."

"அப்புறம்?" என்று கேட்டது நான்தான். கேட்டிருக்கக் கூடாது.

"தூசி சேருற டப்பாவைத் திறந்து உதறிவிட்டேன். முக்காவாசி போயிருச்சு. ஓரத்துல ஒட்டிக்கிட்டிருந்ததை வீட்டுக்குக் கொண்டாந்தேன். சித்திரை மாசம் முழுக்க எங்க வீட்டுல ஃபேன் போடல. உங்க மதினி கம்பளியப் போத்திக்கிட்டுத்தான் குழம்பு வச்சா."

டீக்கடைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் பாலைப் பொங்க விட்டுவிட்டார். தவமணி மட்டும் சிரிக்கவில்லை. அவன் கண்ணெல்லாம் டிக்கி மேலேயே இருந்தது.

"அண்ணே, பனி வேணாம், மீசை வேணாம். ஒரு பொடி முறுக்கு. கொஞ்சம் ஜிகினா. ஒரே இழுப்புத்தாண்ணே."

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "மாப்ள, உன்மேல ஆசை இல்லாமலா சொல்றேன்? கடேசியா ஒண்ணு இருக்கு. சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். தண்ணி. ஈரத்தை மட்டும் அதுக்குக் காட்டவே கூடாது. வைகை ஏன் இப்பிடி மணலாக் கெடக்குங்கிற?"

அண்ணன் எங்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"போன ஐப்பசி. பாலத்துக்குக் கீழ வண்டியை நிறுத்தி, மிதியடியில மணலு ஒட்டியிருக்கேன்னு மெஷினைப் போட்டேன். கை வழுக்கி வாய்ப்பக்கம் ஆத்துல பட்டுருச்சு. நான் சுவிச்சைத் தேடிப் பிடிச்சு அமுக்குறதுக்குள்ள ஆறு காலி. மீனெல்லாம் மணல்ல நின்னுக்கிட்டு என்னையப் பாக்குது. ஒரு எருமை, கழுத்தளவு தண்ணியில படுத்திருந்தது, எந்திரிச்சு என்னைய மொறைச்சுட்டுப் போகுது."

இருளப்பன் கடலைத் தோலை ஊதினான். "அண்ணே, எனக்கு நெனவு தெரிஞ்ச நாளா வைகை அப்பிடித்தாண்ணே கெடக்கு."

"அதான்டா அதோட பவரு! சுவிச்சைப் போட்டது போன ஐப்பசியில. இழுத்த வேகத்துல அதுக்கு முந்தி ஓடுன தண்ணியையும் சேத்து இழுத்துருச்சு. நீ சின்னப்பிள்ளையில வறண்ட ஆத்தைப் பாத்தேல்ல? அது நான் போன ஐப்பசியில பண்ணுனது."

இருளப்பன் பொட்டலத்துக்குள் கையை விட்டுத் துழாவினான். கடலையும் தீர்ந்துவிட்டது.

"சரிண்ணே, அந்தத் தண்ணியெல்லாம் எங்க?" என்று தவமணி கேட்டான்.

"எங்க இருக்கும்? டப்பாவுலதான் இருக்கு. அதான் திறக்க மாட்டேங்கிறேன். திறந்தா திருமங்கலம் தாங்குமா? உன் டீச்சரு பரிசல்லதான் வரணும்."

தவமணிக்குப் பொறுமை போய்விட்டது. பெஞ்சில் கிடந்த அண்ணன் சாவியை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு அண்ணன் வண்டியை நோக்கி ஓடினான்.

"மாப்ள, வேணாம்டா! ஊரு மூழ்கிரும்!" அண்ணன் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். நாங்களும் ஓடினோம். டீக்கடைக்காரர், எதற்கும் இருக்கட்டும் என்று, சர்க்கரை டப்பாவை மேல் தட்டில் தூக்கிவைத்தார்.

தவமணி டிக்கியைத் திறந்து, துண்டைப் பிரித்து, மெஷினை வெளியே எடுத்து, சுவிட்சை அமுக்கினான். சத்தமே இல்லை. மறுபடி அமுக்கினான். ஒன்றும் இல்லை.

"அது என் கைக்குத்தான் கட்டுப்படும்" என்றார் அண்ணன். ஆனால் குரலில் பழைய தெம்பு இல்லை.

"சார்ஜு இருக்காது. குடு" என்று இருளப்பன் அதை வாங்கி, கூடவே இருந்த சார்ஜரை டீக்கடை பிளக்கில் மாட்டினான். மறுமுனையை மெஷினில் செருகப் பார்த்தான். போகவில்லை. திருப்பிச் செருகினான். போகவில்லை. சார்ஜரைக் கழற்றிவிட்டு, மெஷினை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நாங்களும் குனிந்து பார்த்தோம்.

சார்ஜ் போடுகிற ஓட்டை நிறையச் சந்தனம். காய்ந்து சிமெண்டு மாதிரி இறுகிப்போயிருந்தது, அதன் நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. பின்னால் காற்றுப் போகிற துளைகளிலும் வரிசையாகச் சந்தனம், குங்குமம். ஆயுத பூஜையன்று, எங்கெல்லாம் ஓட்டை தெரிந்ததோ அங்கெல்லாம் அண்ணன் பக்தியோடு பொட்டு வைத்திருக்கிறார். பாவம், அன்றோடு அந்த மெஷினுக்குச் சாப்பாடும் இல்லை, மூச்சும் இல்லை.

டிக்கியில் இன்னொன்றையும் பார்த்தோம். துண்டு இருந்த இடத்துக்கு அடியில், முடி தேய்ந்த ஒரு பெயிண்ட் பிரஷ். பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்று. நன்றாகத் துவைத்து மடித்த வேட்டித் துணிகள். அந்த வண்டி எப்படிப் பளபளக்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. விடியற்காலையில் மண்டிபோட்டு, இடுக்கு இடுக்காக அவரே கையால் துடைத்திருக்கிறார். எனக்கு மனது என்னவோ போல ஆகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஆட்டோ வந்து நின்றது. டீச்சர் இறங்கினார். தவமணி தன் வண்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

சோலைமலை அண்ணன் தன் சாவியை அவன் கையிலேயே அமுக்கி மூடினார். "என் வண்டியை எடுத்துட்டுப் போடா. பேசாமப் போ."

தவமணி ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டான். டீச்சர் சீட்டில் விரலை வைத்து இழுத்தார். விரலைப் பார்த்தார். தையலுக்குள் விட்டுப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் தும்மலுக்காகக் காத்திருந்தோம். அவர் ஒரு நீண்ட மூச்சை இழுத்து, நிம்மதியாக விட்டார்.

"யார் வண்டி தவமணி இது? இத்தனை சுத்தமா எப்படி வச்சிருக்காங்க?"

அண்ணன் ஒரு அடி முன்னால் வந்து நெஞ்சை நிமிர்த்தினார். "மெஷினு டீச்சர். சிங்கப்பூர் மெஷினு."

"நல்லது. தவமணிக்கும் கொஞ்சம் கத்துக்குடுங்க. வாராவாரம் நான் இவன்கூடத்தானே போகணும்" என்று சொல்லிவிட்டு டீச்சர் ஏறினார். வண்டி கிளம்பியது. தவமணி கண்ணாடி வழியாகக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே போனான்.

அண்ணன் யாரையும் பார்க்காமல் பெயிண்ட் பிரஷை எடுத்துக்கொண்டு தவமணியின் வண்டிக்குள் நுழைந்தார். பின்சீட்டுக்கு அடியில் தலையை விட்டு ஜிகினாவைச் சுரண்ட ஆரம்பித்தார். வெளியே கால் மட்டும்தான் தெரிந்தது. நான் ஒரு துணியை நனைத்துக்கொண்டு முன்சீட்டுக்குப் போனேன். இருளப்பன் கதவோரம் உட்கார்ந்து, ஒரு ஊக்கை வைத்து மெஷினிலிருந்த சந்தனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறி எடுத்தான். கொஞ்ச நேரத்துக்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

"அண்ணே."

"என்னடா?"

"வைகையையே உறிஞ்சின மெஷினு, தன் மேல இருந்த சந்தனத்தை உறிஞ்ச முடியலையா?"

உள்ளே பிரஷ் சத்தம் நின்றது. அண்ணன் இந்தத் தடவை மாட்டிக்கொண்டார் என்று நானும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். பிறகு சத்தம் மறுபடி ஆரம்பித்தது. சீட்டுக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

"அது சாமி சந்தனம்டா. மரியாதை தெரிஞ்ச மெஷினு, தொடாது."